ஸ்ட்ராபெர்ரி கிரீம் பாயசமாகாமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை முதல் நாள், மும்பை செம்பூர் வீட்டில் பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு. மாங்காய்ப் பச்சடி, வடை, அவியல் எல்லாம் மாமியார் பொறுப்பு. கடைசியில் வைக்கிற குளிர்ந்த இனிப்பு மட்டும் என்னுடையது. அடுப்பே பற்றவைக்க வேண்டாம், பிஸ்கட், கிரீம், ஸ்ட்ராபெர்ரி மூன்றையும் அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். பரிமாறக் கரண்டியை விட்டதும் அது தட்டில் ஓடியது. மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, "பாயசம் நல்லாத்தாம்மா இருக்கு, கொஞ்சம் புளிக்குது" என்றார்.

அதற்கப்புறம் பல தடவை செய்து பார்த்ததில் ஒன்று புரிந்தது. அல்வாவில் பதம் வரவில்லையென்றால் இன்னும் பத்து நிமிடம் கிளறலாம். இதில் அந்த வசதி கிடையாது. பழத்தோடும் தயிரோடும் உள்ளே போன தண்ணீரை வற்றவைக்க நெருப்பு இல்லை. ஆகவே இதில் நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் தண்ணீரை உள்ளே விடுகிற தவறுகள்தான். மிச்சம் மும்பை வெயிலின் வேலை.

நான் முதலில் தோற்றது கிரீமில். மளிகைக் கடையில் சின்ன அட்டைப் பெட்டியில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமில் பெரும்பாலும் 25 சதவீதம் அளவுக்குத்தான் கொழுப்பு இருக்கும். கை வலிக்க அடித்தாலும் நுரை வருமே தவிர நிற்காது. காற்றைப் பிடித்து வைக்கக் குறைந்தது 30 சதவீதம் வேண்டும், 35 இருந்தால் நிம்மதி. கேக் சாமான் விற்கும் கடைகளில் உறைந்த பெட்டியாகக் கிடைப்பது வேறு வகை. தாவரக் கொழுப்பில் செய்தது, பெரும்பாலும் சர்க்கரையும் சேர்த்தே வரும். வெயிலுக்கு நன்றாகவே நிற்கும், ஆனால் எனக்கு அது நாக்கில் மெழுகு தடவினாற்போல இருக்கும். அதைத்தான் வாங்குகிறீர்கள் என்றால் செய்முறையில் சொல்லியிருக்கும் சர்க்கரையை மறந்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் இரண்டாவது கரண்டி யாருக்கும் இறங்காது.

சரியான கிரீமை வாங்கிவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு 33 டிகிரியில் வேகிற அடுக்களையில் நின்று அடிப்பது அடுத்த தவறு. பால் கொழுப்பு குளிர்ந்து இறுகியிருந்தால்தான் நுரையைத் தாங்கும். பாத்திரத்தையும் பீட்டர் கம்பிகளையும் கால் மணி நேரம் ஃபிரீசரில் வைத்து எடுத்து, அடியில் ஐஸ் தண்ணீர்த் தட்டு வைத்து, காலையிலேயே அடித்து முடித்துவிட வேண்டும். கம்பியைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கிறதா, அத்தோடு நிறுத்துங்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே கதை தலைகீழ்: வெண்ணெய் திரண்டுவிட்டால்தான் காரியம் கெட்டது. மணல் மணலாகத் தெரிய ஆரம்பித்தவுடன் இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த கிரீமை ஊற்றிக் கையாலேயே மெதுவாகக் கலந்தால் சில நேரம் மீண்டு வரும். தண்ணீர் பிரிந்துவிட்டதென்றால் அதை வெண்ணெயாகவே கடைந்தெடுத்துத் தோசைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கிரீமோடு கலக்கும் கிரீம் சீஸுக்குப் பதில் தயிர் போடுபவர்கள் அதிகம், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் தயிரை வடிகட்டியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு 'தண்ணீர் இறங்கிவிட்டது' என்று எடுத்துவிடுகிறோம். துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஒரு கிண்ணத்தின் மேல் ராத்திரி முழுக்கத் தொங்க வேண்டும். ஒரு கிலோ தயிர் கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். வெளியே தொங்கவிட்டால் மும்பைச் சூட்டில் விடிவதற்குள் புளித்துப்போகும். என் பாயசம் புளித்ததற்குக் காரணம் அதுதான். சிரமப்பட விருப்பமில்லையென்றால், ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பு செய்வதற்காக, இப்படி நீர் வடித்த தயிரையே பால் கடைகளில் சக்கா என்று விற்கிறார்கள். மராத்தியர் வருடப் பிறப்பான குடீ பாட்வா சமயத்தில் எளிதாகக் கிடைக்கும், நம் வருடப் பிறப்பும் அதையொட்டியே வருவதால் வசதி. ஊர்க்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும்போது இறக்குமதி கிரீம் சீஸுக்கு எதற்கு அவ்வளவு காசு?

நானூறு கிராம் சக்காவுக்கு அரை டின் கண்டென்ஸ்டு மில்க், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. புளிப்பு பட்டதும் கண்டென்ஸ்டு மில்க்கின் பால் புரதம் தானாகவே இறுகும். இதோடு 200 மில்லி அடித்த கிரீமைக் கரண்டியால் மடித்து மடித்துக் கலந்தால், கிண்ணத்தில் பரிமாறுவதற்கு வேறு எதுவும் தேவையில்லை. துண்டு போட்டே தீர வேண்டும் என்பவர்கள்தான் ஜெலட்டினைத் தேடுகிறார்கள். அதில் இரண்டு சிக்கல். ஜெலட்டின் மாடு, பன்றி போன்றவற்றின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. நம் வீட்டு விருந்துகளில் சைவக்காரர்கள் பாதிப் பேர் இருப்பார்கள், சொல்லாமல் போட்டுவிட்டுப் பிறகு முழிக்கக் கூடாது. இரண்டாவது, அது உடல் சூட்டிலேயே உருகும் பொருள். ஏப்ரல் மாதம் மேசைமேல் அரை மணி நேரம் இருந்தால் துண்டின் ஓரம் தளர ஆரம்பித்துவிடும்.

சைனா கிராஸ் என்று நாம் சொல்லும் கடல்பாசி இந்த ஊர் வெயிலுக்கு ஏற்றது. ஒருமுறை உறைந்துவிட்டால் கிட்டத்தட்ட 85 டிகிரி வரை உருகாது. ஆனால் அதன் குணம் வேறு. வெந்நீரில் கலந்தால் மட்டும் போதாது, தண்ணீரில் போட்டு இரண்டு நிமிடமாவது கொதிக்கவிட்டு முழுதாகக் கரைக்க வேண்டும். அது 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே உறையத் தொடங்கிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சக்காவில் அதை ஊற்றினால் பட்ட இடத்திலேயே இழை இழையாக உறைந்து நிற்கும், அப்புறம் நிஜமாகவே சேமியா பாயசம்தான். சக்காக் கலவையை வெளியே எடுத்து வைத்துக் குளிர்ச்சி நீங்கியபின், கரைசலைச் சூடாக மெல்லிய தாரையாக ஊற்றியபடியே வேகமாகக் கலக்க வேண்டும். அடித்த கிரீம் கடைசியில். ஒரு கப்புக்கு அரை டீஸ்பூன் தூள் போதும், கூடினால் ரப்பர்.

இப்போது பழம். மும்பைக்கு வரும் ஸ்ட்ராபெர்ரி பெரும்பாலும் சாத்தாரா மாவட்டத்து மகாபலேஷ்வர், பஞ்ச்கனி பக்கத்தது. மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரிக்கு 2010இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பருவம் நவம்பர் வாக்கில் தொடங்கி மார்ச், ஏப்ரலோடு முடிந்துவிடும். சித்திரை விருந்துக்கு நம் கைக்கு வருவது பருவக் கடைசிப் பழம். பெட்டியின் மேலடுக்கு மினுங்கும், அடியில் ஒன்றிரண்டு நசுங்கிக் கிடக்கும். கடையிலேயே பெட்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.

பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் அந்த ஓட்டை வழியாகப் பழம் தண்ணீரைக் குடிக்கும். முதலில் கழுவித் துணியில் உலர்த்திவிட்டுக் காம்பை எடுக்க வேண்டும். பழத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஏற்கெனவே தண்ணீர்தான். நறுக்கியதை நேரே கிரீமில் கலந்தால், கிரீமின் சர்க்கரை ராத்திரி முழுக்க அந்தத் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் அந்த இழுப்பை முன்னாடியே முடித்துவிடுங்கள்: நறுக்கிய 400 கிராம் பழத்தில் மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை தூவி அரை மணி நேரம் வைத்தால் சாறு விடும். வடித்த சாற்றை மட்டும் சிறு தீயில் பிசுக்குப் பதம் வரும்வரை சுண்டவைத்து, நன்றாக ஆறியதும் பழத்தோடு சேர்த்து மேலே பரப்பலாம். அடுப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்கிறேனே என்று கேட்டால், ஐந்து நிமிடம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே மாத விருந்துக்கு உறைந்த பழம்தான் கதி. உருகும்போது அது தொளதொளவென்றாகிவிடும், அதை அழகுக்கு மேலே வைக்க நினைப்பது வீண். சர்க்கரையும் ஒரு டீஸ்பூன் சோள மாவும் சேர்த்துக் காய்ச்சிக் குழம்பாக ஊற்றுங்கள். ஜூனில் நாவல் பழம் வந்ததும் அதன் விழுதைப் போட்டுப் பார்க்கலாம். நிறம் அட்டகாசம், ஆனால் துவர்க்கும், சர்க்கரை கூட வேண்டும்.

பிஸ்கட் அடுக்கில் பெரிய வித்தை இல்லை. 200 கிராம் பொடிக்கு 80 முதல் 100 கிராம் உருக்கிய வெண்ணெய். புட்டு மாவுப் பதம்தான் கணக்கு: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். வெண்ணெய் கூடிவிட்டால் ஃபிரிட்ஜில் கல்லாகும். போன வாரம் பிரித்த பாக்கெட் இந்த ஊர் ஈரக் காற்றில் எப்போதோ நமுத்திருக்கும், புதிதாகப் பிரியுங்கள்.

விருந்தன்று ஃபிரிட்ஜுக்குள் தோசை மாவு, பத்துத் தண்ணீர் பாட்டில், நிமிடத்துக்கொரு முறை திறக்கும் குழந்தைகள். அதனால் முந்தின ராத்திரியே செய்து, இறுக மூடி, உள்பக்கமாகத் தள்ளி வையுங்கள். மூடாவிட்டால் கிரீம் பூண்டு வாசனையை அப்படியே வாங்கிக்கொள்ளும். நேரமில்லை என்று ஃபிரீசரில் வைத்தால் ஐஸ் பொடிப்பொடியாகக் கட்டி, வெளியே எடுத்ததும் நீர் கக்கும். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் இது வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

வேறு வீட்டு விருந்துக்கு எடுத்துப் போவதென்றால் பெரிய கண்ணாடித் தட்டு வேண்டவே வேண்டாம். செம்பூரிலிருந்து மாதுங்காவுக்கு ஆட்டோ போகாது, சயானில் இறங்கி டாக்ஸி பிடிக்கும்போதே அடுக்குகள் கலைந்துவிடும். மூடி போட்ட சின்ன டப்பாக்கள், ஒரு ஐஸ் பெட்டி, அவ்வளவுதான். மேல் பழத்தைத் தனி டப்பாவில் கொண்டுபோய் அங்கே போட்டுக்கொள்ளலாம். மிஞ்சினால் மறுநாள் பிஸ்கட் ஊறிப்போயிருக்கும். அடுக்கைப் பார்க்காமல் எல்லாவற்றையும் கலக்கிக் குல்ஃபி அச்சில் ஊற்றி உறையவிடுங்கள், எங்கள் வீட்டில் அதற்குத்தான் சண்டை.