போன் கோளாறு கம்பெனி தப்பா நம்ம தப்பா? கம்ப்ளெயின்ட் பண்றதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது, பண்ணும்போது செய்ய வேண்டியது

போன்ல பிரச்சனைன்னு யாராவது சொன்னா உடனே ரெண்டு குரல் வரும். ஒண்ணு "அந்த கம்பெனியே டப்பா, கேஸ் போடு"ன்னு, இன்னொண்ணு "நீ எங்கயாவது கீழ போட்டிருப்ப, சும்மா கம்பெனிய குறை சொல்லாத"ன்னு. ரெண்டு பேருமே அந்த போனைக் கையில வாங்கிக்கூட பாத்திருக்க மாட்டாங்க. எது தயாரிப்புலயே இருந்த கோளாறு, எது நம்ம கையால வந்தது, எது அந்த மாடலோட இயல்பேன்னு நம்மளே ஓரளவு பிரிச்சுப் பாக்கலாம், அதைப் பண்ணிட்டு எழுத்துல கம்ப்ளெயின்ட் குடுத்தா சர்வீஸ் சென்டர்ல சாக்கு சொல்லி அனுப்புறது ரொம்பக் கஷ்டம். இந்தியாவுல வாங்கி இங்கயே யூஸ் பண்றவங்களுக்காக இதை எழுதுறேன்.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு ஒரு வரி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பிரிவு 2(10)ல கோளாறுன்னா என்னன்னு இருக்கு. ஒரு சட்டப்படியோ, வெளிப்படையாவோ மறைமுகமாவோ இருக்குற ஒப்பந்தப்படியோ, விக்கிறவர் எந்த விதத்துல சொல்லியிருந்தாலும் அப்படிச் சொன்னபடியோ இருக்க வேண்டிய தரத்துல ஏதாவது குறை இருந்தா அது கோளாறு. அந்த வரியில வாரண்டிங்கற வார்த்தையே இல்ல, இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. வாரண்டி முடிஞ்ச மறுநாளே உங்க உரிமையும் முடிஞ்சுதுன்னு கவுண்டர்ல சொன்னா நம்பாதீங்க. ஆனா ஒண்ணு, வாரண்டி முடிஞ்சப்புறம் கோளாறு முதல்லயே உள்ள இருந்துச்சுன்னு காட்டுற பாரம் நம்ம மேலதான் விழும், அதனாலதான் ஆதாரம் சேக்கறது அவ்ளோ முக்கியம்.

இப்ப நம்ம ஊர்ல ரொம்ப அடிபட்ட விஷயம், அமோலெட் டிஸ்பிளேல (ஓஎல்இடி வகைத் திரை) வர்ற பச்சைக் கோடு, சில போன்ல பிங்க் கோடு. கீழ விழல, தண்ணி படல, அப்டேட் போட்டுட்டு ரீஸ்டார்ட் ஆனதும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு கோடு நிக்கும். கம்ப்ளெயின்ட் சரியா தப்பான்னு கேட்டா, இதுல பெரும்பாலானது சரிதான்னு சொல்வேன், காரணம் கம்பெனிகளே நடந்துக்கிட்ட விதம். ஒன்பிளஸ் 2023ல சில பழைய மாடலுக்கு இந்தியாவுல டிஸ்பிளேவுக்கு ஆயுள்கால வாரண்டின்னு சொல்லிச்சு, 2024 கடைசியில எல்லா மாடலுக்கும் அதை விரிவாக்கி, பேனலோட ஓரத்துல புதுசா ஒரு பாதுகாப்பு லேயர் குடுக்கறோம்னும் அறிவிச்சுது. சாம்சங்கும் 2024ல எஸ்20, எஸ்21 சீரிஸ் மாதிரி சில மாடலுக்கு ஒரு தடவை இலவசமா மாத்திக் குடுத்துச்சு. யூசர் கீழ போட்டதுக்கு எந்த கம்பெனியும் ஆயுள்கால வாரண்டி குடுக்காது. அப்டேட்தான் கோடு போட்டுச்சான்னு கேட்டா, அப்டேட் நேரத்துல போன் நல்லா சூடாகும், ஏற்கனவே பேனல் இணைப்புல வீக்கா இருந்த எடம் அந்தச் சூட்டுல கையை விரிச்சுடும்னு ஒரு விளக்கம் இருக்கு, அப்படிப் பாத்தாலும் வீக்கா இருந்தது தயாரிப்புதான்.

இதுக்கு ஒரு சிம்பிள் டெஸ்ட் இருக்கு. கோடு தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேற போனுக்கு அனுப்பிப் பாருங்க. அங்கயும் கோடு தெரிஞ்சா சாஃப்ட்வேர் பிரச்சனை, படம் சுத்தமா இருந்தா ஹார்டுவேர். ரெண்டையும் ஒரே வீடியோவுல காட்டி வச்சுக்கங்க, "ஃபேக்டரி ரீசெட் போட்டு ஒரு வாரம் பாருங்க"ன்னு திருப்பி அனுப்பறவங்களுக்கு இதுவே பதில்.

கம்பெனி யூசர் மேல பழி போட்டு, அப்புறமா உண்மை வெளிய வந்த கதையும் இருக்கு. ஐபோன் 6 பிளஸ்ல டச் வேலை செய்யாம மேல சாம்பல் கலர்ல பட்டை மின்னுற பிரச்சனை வந்தப்ப, ஆப்பிள் 2016 நவம்பர்ல என்ன சொல்லிச்சுன்னா, பல தடவை கடினமான தரையில விழுந்து அதுக்கப்புறமும் அழுத்தம் பட்ட போன்லதான் இது வருதுன்னு. சரி பண்ண 149 டாலர் கேட்டாங்க. 2018ல அமெரிக்க கோர்ட்ல வெளிய வந்த கம்பெனியோட உள் ஆவணங்கள்ல, ஐபோன் 5எஸ்ஸை விட 6 பிளஸ் வளையறதுக்கு (வளைஞ்சா உள்ள டச் சிப்போட இணைப்பு விட்டுப்போகும்) 7.2 மடங்கு வாய்ப்பு அதிகம்னு அவங்களுக்கே முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு. அதே கம்பெனி பழைய பேட்டரி இருக்குற போனை அப்டேட் மூலமா ஸ்லோ பண்றதை 2017 டிசம்பர்ல ஒத்துக்கிச்சு, அதுக்கு முன்னாடி வரைக்கும் "அப்டேட்டுக்கப்புறம் போன் ஸ்லோவாயிடுச்சு"ன்னு சொன்னவங்களை எல்லாரும் மனப்பிரமைன்னுதான் சொன்னாங்க. யூசருக்குத் தெரிவிக்காம பண்ணதுக்கு பிரான்ஸ்ல 2020ல 2.5 கோடி யூரோ அபராதம் விழுந்துச்சு. நிறைய பேர் ஒரே அறிகுறியை, ஒரே மாடல்ல, சாதாரண யூஸ்ல சொல்றாங்கன்னா அதை லேசா எடுத்துக்கக் கூடாதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு, அதையும் நேர்மையா சொல்லணும், ஏன்னா தப்பான கம்ப்ளெயின்ட் நிறைய போனா சரியான கம்ப்ளெயின்டையும் யாரும் மதிக்க மாட்டாங்க. 128 ஜிபி போன்ல அவ்ளோ காலி இடம் காட்டலைன்னா அது ஏமாத்து வேலை கெடையாது, சிஸ்டம் ஃபைல் எடம் புடிக்கும். சாய்ச்சுப் பாத்தா வெள்ளை கொஞ்சம் நீலமா தெரியறது ஓஎல்இடியோட குணம். மடிக்கிற போன்ல மடிப்புத் தடம் தெரியும். ராத்திரி தெருவிளக்கைப் படம் எடுத்தா பச்சைப் புள்ளி பறக்கறது லென்ஸ் உள்ள நடக்குற பிரதிபலிப்பு. புது போன் வாங்கின முதல் சில நாளும் பெரிய அப்டேட்டுக்கப்புறமும் சார்ஜ் வேகமா எறங்கும், போட்டோவை எல்லாம் பின்னாடி அடுக்கிட்டிருக்கும், கொஞ்ச நாள் பொறுங்க. ரெண்டு வருஷம் ஆன பேட்டரி முன்ன மாதிரி நிக்காது, லித்தியம் பேட்டரி தேயற பொருள், ஐபோன் 15ல இருந்து 1000 தடவை சார்ஜுக்கு 80 சதவீதம் நிக்கும்னு ஆப்பிள் சொல்லுது, அதுக்கு முந்தின மாடலுக்கு 500 தடவைன்னுதான் கணக்கு. ஒரே ஒரு செத்த பிக்சலுக்கு டிஸ்பிளே மாத்தணும்னு கேட்டா பல கம்பெனி மாட்டேன்னு சொல்லும், ஆனா ரிட்டர்ன் டைம் இருக்கும்போதே பாத்துட்டீங்கன்னா தயங்காம திருப்பிக் குடுங்க.

தண்ணி விஷயம் நடுவுல நிக்குது. ஐபி68ங்கறது போன் தூசி, தண்ணி தாங்குற அளவுக்கான குறியீடு, அது லேப்ல நல்ல தண்ணியில, ஓடாத தண்ணியில பண்ற டெஸ்ட், கடல் தண்ணி, சோப்பு தண்ணி, வெந்நீர் எல்லாம் கணக்குல வராது, ரப்பர் சீலும் நாளாக நாளாக தளரும். ஆனா விளம்பரத்துல நீச்சல் குளத்துல போனைக் காட்டிட்டு வாரண்டி பேப்பர்ல தண்ணி பட்டா கெடையாதுன்னு எழுதறதை நான் நியாயம்னு சொல்ல மாட்டேன். இத்தாலியில 2020ல ஆப்பிளுக்கு இதுக்காகவே 1 கோடி யூரோ அபராதம், ஆஸ்திரேலியாவுல 2022ல சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர். அதனால வாங்கும்போதே விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க, விக்கிறவர் எந்த விதத்துல சொன்னாலும் கணக்குன்னு சட்டத்துல இருக்கறதால அது ஆதாரம்.

இன்னொரு பேச்சையும் இங்கயே முடிச்சிடறேன், இந்தியாவுல அசெம்பிள் பண்றதாலதான் போன் கெட்டுப் போகுதுன்னு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபாக்ஸ்கான்ல ஐபோன் அசெம்பிள் ஆகுது, பேனல், சிப், கேமரா சென்சார் எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டு சப்ளையர்கிட்ட இருந்து வர்றதுதான். 2016ல நோட் 7 தீப்பிடிச்சப்ப சாம்சங் அடுத்த ஜனவரில சொன்ன காரணம் என்ன, ஒரு சப்ளையரோட பேட்டரியில மூலையில எலக்ட்ரோடு வளைஞ்சிருந்துச்சு, மாத்திக் குடுத்த இன்னொரு சப்ளையரோட பேட்டரியில வெல்டிங்ல கூர்முனை நின்னுச்சு. கோளாறு பார்ட்டோட டிசைன்லயும் சப்ளையர் பேட்ச்லயும் இருந்துச்சு, கடைசியா மூடி ஸ்க்ரூ போட்ட தொழிலாளிகிட்ட இல்ல.

சரி, இனி செய்ய வேண்டியது. பேட்டரி உப்பி பின்பக்கம் தூக்கியிருந்தா எந்த டெஸ்டும் வேணாம், சார்ஜ் போடாதீங்க, அழுத்தாதீங்க, குத்தாதீங்க, ஆஃப் பண்ணி தீப்புடிக்கிற சாமான் பக்கத்துல இல்லாம வச்சு நேரா சர்வீஸ் சென்டர் போங்க. மத்த பிரச்சனைன்னா முதல்ல வேற சார்ஜர், வேற கேபிள், சிக்னல் பிரச்சனைன்னா அந்த சிம்மை வேற போன்ல போட்டுப் பாருங்க. ஆண்ட்ராய்டுல சேஃப் மோடுல போட்டா நாம எறக்கின ஆப் எதுவும் ஓடாது, அப்பவும் ஹேங் ஆச்சுன்னா ஆப் மேல பழி போட முடியாது. சாம்சங்ல டயல் பேடுல *#0*# அடிச்சா பல மாடல்ல டெஸ்ட் மெனு வரும், டச், ஸ்பீக்கர், சென்சார் எல்லாம் தனித்தனியா பாக்கலாம். *#06# அடிச்சா வர்ற ஐஎம்இஐ நம்பரை (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கற அடையாள எண்) பில்லோட ஒத்துப் பாத்து எழுதி வைங்க. அதோட உங்க மாடல் பேரைப் போட்டு கம்பெனி வெப்சைட்ல இலவச ரிப்பேர் திட்டம் ஏதாவது ஓடுதான்னு தேடுங்க, 2024 நவம்பர்ல ஐபோன் 14 பிளஸ் பின்பக்க கேமராவுக்கு அப்படி ஒண்ணு வந்துச்சு, கவுண்டர்ல இருக்கவங்களுக்கு அது தெரியாம இருக்கலாம்.

தெருமுனை கடையில திறந்து பாக்கக் குடுக்காதீங்க, குறைஞ்சது இப்ப வேணாம். அங்க இருக்கற தம்பிங்க பலருக்கு கம்பெனி ஆளை விட வேலை தெரியும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா சீல் உடைஞ்சா கம்பெனிக்கு ஒரு சாக்கு கெடச்சிடும்.

சர்வீஸ் சென்டர் வாசல்லயே போனோட முன்னாடி, பின்னாடி, நாலு மூலை, சார்ஜிங் போர்ட், சிம் ட்ரே கழட்டி உள்ள இருக்கற தண்ணி ஸ்டிக்கர் எல்லாத்தையும் வேற போன்ல வீடியோ எடுத்துடுங்க. அந்த ஸ்டிக்கர் வெள்ளையா இருந்து தண்ணி பட்டா சிவப்பாகும், பல மாடல்ல சிம் ஸ்லாட்டுலயே தெரியும். உள்ள குடுத்து ரெண்டு நாள் கழிச்சு "ஓரத்துல டென்ட் இருக்கு, தண்ணி போயிருக்கு"ன்னு சொன்னா இந்த வீடியோதான் பேசும். பேக்கப் எடுத்துட்டு குடுங்க. ஜாப் ஷீட் (போனை ரிப்பேருக்கு வாங்கிக்கிட்டதுக்கு அவங்க குடுக்கற சீட்டு) வாங்காம வெளிய வராதீங்க, அதுல நீங்க சொன்ன கம்ப்ளெயின்ட் நீங்க சொன்ன மாதிரியே எழுதியிருக்கா, போனோட நிலைமைங்கற எடத்துல ஸ்க்ராட்ச், டென்ட் இல்லைன்னு இருக்கான்னு படிச்சுட்டுக் கையெழுத்து போடுங்க. யூசர் டேமேஜ்னு சொன்னா எந்த எடத்துல டேமேஜ்னு போட்டோவோட எழுத்துல கேளுங்க, வாயால சொன்னதுக்கு மதிப்பு கெடையாது. வாங்கின சில நாள்லயே செத்துப் போச்சுன்னா ரிப்பேருக்கு ஒத்துக்காதீங்க, புது போன் மாத்திக்கறதுக்கான டிஓஏ சர்டிபிகேட் (வரும்போதே கெட்டுப்போன பொருள்னு குடுக்கற சான்று) கேளுங்க. கடைக்காரர் "வித்த பொருள் வாபஸ் கெடையாது"ன்னு பில்லுல அச்சடிச்சிருந்தாலும் கோளாறு உள்ள பொருளுக்கு அது செல்லாது, பில்லுல காலக்கெடு எதுவும் போடலைன்னா 30 நாளுக்குள்ள திருப்பி வாங்க மறுக்கறது முறையற்ற வணிகம்னு சட்டத்துலயே இருக்கு.

அவங்க மறுத்தாங்கன்னா கம்பெனி குறைதீர் அதிகாரிக்கு மெயில். ஆன்லைன்ல வாங்கியிருந்தா அந்த தளத்தோட அதிகாரிக்கும் சேத்து அனுப்புங்க, 48 மணி நேரத்துல பெற்றுக்கிட்டோம்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும்னு 2020 மின்வணிக விதியில இருக்கு. கோவத்தைக் கொட்டாம இப்படி எழுதுங்க:

"இந்த மாடலை இந்தத் தேதியில் இவ்வளவு ரூபாய்க்கு வாங்கினேன், பில்லும் ஐஎம்இஐ எண்ணும் இணைப்பில். இந்தத் தேதி முதல் திரையில் செங்குத்தாகப் பச்சைக் கோடு உள்ளது. போன் கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை, வெளியே எங்கும் பிரிக்கப்படவில்லை. ஸ்கிரீன்ஷாட்டில் கோடு இல்லை என்பதால் இது ஹார்டுவேர் கோளாறு. சர்வீஸ் சென்டர் கட்டணம் கேட்கிறது, ஜாப் ஷீட் இணைப்பில். 15 நாட்களுக்குள் கட்டணமின்றித் திரையை மாற்றித் தரவும், இல்லையெனில் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தரவும்."

பதில் வரலைன்னா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம், 8800001915ல வாட்ஸ்அப்பும் இருக்கு. அவங்க கோர்ட் இல்ல, உத்தரவு போட முடியாது, ஆனா கம்பெனியோட மேலிடத்துக்கு நேரா அனுப்புவாங்க, கவுண்டர்ல முடியாதுன்னு சொன்னது பல தடவை இங்கயே முடிஞ்சிடும்.

அதுலயும் நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம், நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், கம்பெனி ஆபீஸ் எந்த ஊர்ல இருந்தாலும் கவலை இல்ல. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் வாங்கின பொருளுக்கு கட்டணம் கெடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, பிரச்சனை வந்ததுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். தயாரிப்பு கம்பெனி, வித்தவர், சர்வீஸ் சென்டர் மூணு பேரையும் எதிர்த்தரப்பா சேருங்க, இல்லைன்னா ஒருத்தரை ஒருத்தர் கை காட்டுவாங்க. தயாரிப்புக் கோளாறுன்னு வெறுமனே சொல்லிட்டு நிபுணர் அறிக்கை இல்லாததால தோத்த கேஸ் நிறைய, அதனால பிரிவு 38(2)(சி) படி போனை லேப் டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லி மனுவுலயே கேளுங்க. டெஸ்ட் வேணும்னா 5 மாசத்துல முடிக்கப் பாக்கணும்னு சட்டம் சொல்லுது, நடைமுறையில அதை விட இழுக்கும், மனசைத் தயார் பண்ணிக்கங்க. 20,000 ரூபாய் போனுக்கு 10 லட்சம் நஷ்டஈடு கேக்காதீங்க, மாத்திக் குடுக்கணும் இல்ல பணத்தைத் திருப்பணும், அதோட அலைஞ்சதுக்கும் செலவுக்கும் நியாயமா ஒரு தொகை, அவ்ளோதான்.

கேஸ் முடியற வரைக்கும் அந்த போனை எக்ஸ்சேஞ்சுலயும் போடாதீங்க, வெளியவும் ரிப்பேர் பண்ணாதீங்க, அதுதான் முதல் ஆதாரம். நடுவுலயே கம்பெனி இறங்கி வந்து இலவசமா மாத்திக் குடுத்தா, மாத்தின பார்ட் புதுசா, அதுக்கு எவ்ளோ நாள் வாரண்டின்னு ஜாப் ஷீட்லயே எழுதி வாங்கிக்கங்க, ஏன்னா மாத்தின டிஸ்பிளேலயும் அதே கோடு திரும்ப வந்தவங்க இருக்காங்க.