‘நாங்கள் செய்தோம்’ என்றார், நான் மேற்கொண்டு கேட்கவில்லை: ஒருங்கிணைப்பாளர் நேர்காணலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் தொண்டு நிறுவன அலுவலகத்தில் கண்மாய் (பாசன ஏரி) சீரமைப்புத் திட்டத்துக்கு ஒருங்கிணைப்பாளர் தேடி இரண்டு நாள் நேர்காணல் நடந்தது. கேள்வி கேட்டவர்கள் இரண்டு இளைஞர்கள். இருவருக்கும் இதுதான் முதல் தடவை. நான் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் என்னென்ன தப்பு செய்தேனோ, அதே தப்புகள் அதே வரிசையில் நடந்தன. அன்று சாயங்காலம் அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பயோடேட்டாவைப் படிக்காமல் வருவது, நடுவில் போன் எடுப்பது, வந்தவரை இரண்டு மணி நேரம் வெளியே உட்கார வைப்பது இதையெல்லாம் எழுதப் போவதில்லை. அவை தவறு என்பது எல்லோருக்கும் தெரியும்.

தலைவரைத் தேடுவது

‘உங்கள் தலைமைப் பண்பைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆரம்பித்தார்கள். ஒருங்கிணைப்பாளருக்கு யார் மேலும் அதிகாரம் கிடையாது. ஊராட்சித் தலைவர் அவர் சொல்லிக் கேட்க வேண்டியவர் இல்லை. ஆயக்கட்டு (கண்மாயால் பாசனம் பெறும் நிலம்) விவசாயிகள், ஜேசிபி வைத்திருப்பவர், உதவிப் பொறியாளர், நம் அலுவலகக் கணக்காளர், பணம் கொடுக்கும் கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) மேலாளர் என்று ஒருவரையும் அவர் உத்தரவு போட்டு வேலை வாங்க முடியாது. ஆனால் இந்த ஆறு பேரும் ஒரே வாரத்தில் ஒரே விஷயத்துக்குச் சரி சொன்னால்தான் வேலை நடக்கும்.

அதனால் நான் இப்போது முதலில் கேட்பது இதுதான்: ‘உங்களுக்குக் கட்டுப்படாத ஒருவரிடம் கடைசியாக என்ன வேலை வாங்கினீர்கள், எப்படி வாங்கினீர்கள்?’ கல்யாண மண்டபத்தில் சமையல்காரரைச் சமாளித்த கதையாக இருந்தாலும் பரவாயில்லை. ஒருவர் தன் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வரவழைத்த கதையைச் சொன்னார். அவரைத்தான் எடுத்தோம்.

‘நாங்கள்’ என்ற சொல்லைத் தாண்டிப் போகாமல் விடுவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இந்தத் தவறுக்கு விலை கொடுத்தது நான் இல்லை, ஒரு ஊர்.

அப்போது நான் வேறொரு தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். வந்தவர் முப்பது வயது இளைஞர். நல்ல படிப்பு, நிதானமான பேச்சு, கையில் அழகாக பைண்டு செய்த அறிக்கை. ‘நாங்கள் நாலு வருடத்தில் பதினொரு கண்மாய் தூர்வாரினோம்’ என்றார். படங்களைக் காட்டினார். தூர்வாருவதற்கு முன், தூர்வாரிய பின், கலுங்கில் (மிகுதி நீர் வெளியேறும் வழியில்) தண்ணீர் வழியும் படம். நான் அந்தப் படங்களைப் பார்த்து மயங்கிப்போனேன். பதினொரு கண்மாய்! அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிட்டேன். சித்திரையில் வேலைக்குச் சேர்ந்தார்.

தென் மாவட்டங்களில் கண்மாய் வேலைக்கு நாள்கணக்கு உண்டு. அறுவடை முடிந்து தண்ணீர் வற்றிய பிறகு தொடங்கி, வடகிழக்குப் பருவமழை வரும் அக்டோபருக்குள் கரை, மடை (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வாய்), கலுங்கு மூன்றையும் முடித்துவிட வேண்டும். விட்டால் ஒரு வருடம் போச்சு. இந்தப் பக்கம் வேலை செய்பவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று, கண்மாய் யாருடையது என்பது. 40 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ளது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேல் போனால் அப்போது பொதுப்பணித் துறை, இப்போது நீர்வளத் துறை. எங்கள் கண்மாய் இரண்டாவது வகை. அவர் ஊராட்சித் தீர்மானத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இயந்திரத்தை இறக்கிவிட்டார்.

இரண்டாம் நாள் கிராம நிர்வாக அலுவலர் வந்து வேலையை நிறுத்தினார். அவர் செய்தது சரி. ஆனால் அந்த இரண்டு நாளில் பழைய மடையை இடித்து முடித்திருந்தார்கள். அதன் பிறகு துறை அனுமதி, மண் எடுக்க அனுமதி என்று அலைந்து கையெழுத்து வாங்கி வர புரட்டாசி பாதி ஆகிவிட்டது. புது மடைக்கு அடித்தளம் போட்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி பத்து மணி இருக்கும். ஆண்களும் பெண்களுமாக ஐம்பது பேர், மடை இருந்த இடத்தில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் சைக்கிளில் உரச்சாக்குகளைக் கட்டிக்கொண்டு வந்து வந்து போட்டார். மூட்டைக்கு நடுவே தண்ணீர் பீறிட்டது. விடிந்து பார்த்தால் கண்மாயில் முழங்கால் அளவுதான் தேங்கியிருந்தது. அந்த வருடம் கடைமடை வயல்களில் நெல் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லை. அந்தப் பெரியவருக்கு அங்கே ஒன்றரை ஏக்கர்.

பிறகு ஒருநாள் டீக்கடையில் அந்த இளைஞரிடம் கேட்டேன். ‘அந்தப் பதினொரு கண்மாய்க்கும் அனுமதி யார் தம்பி வாங்கினது?’

‘அதெல்லாம் எங்க சீனியர் அண்ணன் பார்த்துக்குவார், அக்கா. நான் அறிக்கையும் போட்டோவும் பார்த்துக்கிட்டேன்.’

அவர் பொய் சொல்லவில்லை. நேர்காணலில் நான் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அன்றைக்கும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். அறிக்கை எழுதுவதில் உண்மையிலேயே கெட்டிக்காரர். அந்த வேலைக்கு எடுத்திருந்தால் சந்தோஷமாக இருந்திருப்பார். அவரை அனுமதி வாங்கும் வேலையில் தள்ளி, ஊரார் முன்னால் தலை குனிய வைத்தது நான்தான்.

நம் மொழியில் செய்தவரை மறைத்துப் பேசுவது ரொம்பச் சுலபம். ‘நாங்கள் முடித்தோம்’, ‘வேலை நடந்தது’, ‘அனுமதி பெறப்பட்டது’. யார் என்ற கேள்வியே எழாது. போன மாதம் வந்த ஒருவர் கால் மணி நேரத்தில் ஏழு தடவை ‘நாங்கள்’ சொன்னார். நான் எண்ணினேன். எதிரே இருந்த தம்பி தாளில் ‘நல்ல அனுபவம்’ என்று எழுதிக்கொண்டிருந்தார்.

அதற்காக ‘நாங்கள்’ என்று சொல்பவரை ஒதுக்கிவிடக் கூடாது. அது இதற்கு நேரெதிரான தப்பு. ‘நான்’ என்று சொல்வது தற்பெருமை என்று சொல்லியே நம் வீடுகளில் வளர்க்கிறார்கள், பெண் பிள்ளைகளை இன்னும் கூடுதலாக. எல்லாவற்றையும் தனியாளாகச் செய்துவிட்டு ‘எல்லாரும் சேர்ந்து பண்ணினோம்’ என்று சொல்லும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கேட்க வேண்டியது நம் வேலை. ஒரே ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். எந்த அலுவலகம்? யார் போனது? எத்தனை தடவை? முதல் தடவை என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்?

போய் வந்தவருக்கு இதெல்லாம் கண் முன்னால் நிற்கும். ஒரு பெண் சொன்ன பதில் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது: ‘மூணு தடவை போனேன். முதல் தடவை புல வரைபடம் இல்லைன்னு திருப்பிட்டாங்க. ரெண்டாவது தடவை ஏ.இ. (உதவிப் பொறியாளர்) சார் சைட்டுக்குப் போயிட்டார். மூணாவது தடவை ஆபீஸ் திறக்கும் முன்னாடியே போய் வாசல்ல நின்னேன்.’ போகாதவர் ‘தொடர்ந்து பின்தொடர்ந்தோம், நல்ல ஒத்துழைப்புக் கொடுத்தார்கள்’ என்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டுப் பழகிய காது தப்ப விடாது. பழகாத காதுக்கு, பின்னது இன்னும் நல்ல பதிலாகத் தோன்றும். என் பயமெல்லாம் அதில்தான்.

‘இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?’

இப்படிக் கேட்டால் எல்லோரும் நல்லதைத்தான் செய்வார்கள். நடந்ததைக் கேளுங்கள்.

ஆங்கிலத்தை அளந்து ஆளை எடை போடுவது

மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள், அந்தப் பக்கம் இருப்பவர் வேர்த்துப்போய் மனதுக்குள் மொழிபெயர்த்துப் பதில் சொல்கிறார். கடைசியில் அவருடைய ஒருங்கிணைப்புத் திறனைப் பற்றி நாம் ஒன்றும் தெரிந்துகொள்ளாமலே ‘கொஞ்சம் தயங்குகிறார்’ என்று குறித்துவிடுகிறோம். ஊர்க்கூட்டத்தில் அவர் பேசப் போவது தமிழில். ஆங்கில அறிக்கை வேண்டும்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதைத் தனியாக, ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பார்த்துவிடலாம். பேச்சுக்குத் தமிழ், எழுத்துக்கு ஆங்கிலம் என்று பிரித்த பிறகு எங்களுக்குக் கிடைத்த ஆட்களே மாறிவிட்டார்கள்.

கல்யாணம், குழந்தை

பெண்களிடம் கேட்காதீர்கள். ‘சும்மா தெரிஞ்சுக்கத்தான்’ என்றுகூட.

கையில் வேலை கொடுத்துப் பார்க்காமல் அனுப்புவது

நாங்கள் ஒரு உறையில் நாலு தாள் வைத்துக் கொடுக்கிறோம். ஒரு ஊர்க்கூட்டக் குறிப்பு, டிராக்டர்காரர் கொடுத்த கையெழுத்தில்லாத பில், உதவிப் பொறியாளரின் வாட்ஸ்அப் செய்தி, நன்கொடை தரும் கம்பெனியின் கடிதம். நேரம் நாற்பது நிமிடம். ‘நாளைக் காலை யாரை முதலில் கூப்பிடுவீர்கள், என்ன சொல்வீர்கள்?’ என்பது மட்டும்தான் கேள்வி. தாள்களுக்குள் ஒரு முரண் இருக்கும். பொறியாளர் அளவெடுக்க வரும் தேதியும் ஊர்க்கூட்டத் தேதியும் ஒன்றாக இருக்கும்.

கம்பெனிக் கடிதம் மார்ச் மாதத் தேதியிட்டது. அது வேண்டுமென்றே. சிஎஸ்ஆர் பணத்தில் வேலை செய்பவருக்கு மார்ச் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, தொடர்ந்து நடக்கும் திட்டத்தில் செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் கம்பெனி தனிக் கணக்குக்கு மாற்றியாக வேண்டும். அதனால்தான் மார்ச் வந்தால் அவர்கள் தினமும் போன் செய்கிறார்கள். சட்டப் பிரிவெல்லாம் தெரிய வேண்டாம். ‘இவர்கள் ஏன் அவசரப்படுகிறார்கள்?’ என்று யோசித்தாரா என்று பார்ப்போம்.

ஒருமுறை ஒரு பெண் பேனாவை எடுப்பதற்கு முன்னால் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ‘கூட்டம் வெச்சிருக்கிற நாள் பங்குனி உத்திரம்க்கா. ஊர்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க’ என்றார். தாளைத் தயாரித்த எங்களுக்கே அது தெரியாது.

ஒரு எச்சரிக்கை. உங்கள் அலுவலகத்தில் தேங்கிக் கிடக்கும் நிஜ வேலையைக் கொடுத்துச் சும்மா செய்து வாங்காதீர்கள். சில இடங்களில் முழுத் திட்ட வரைவையே எழுதி வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்புகிறார்கள். அது திருட்டு.

கதவு மூடியதும் பேச ஆரம்பிப்பது

வந்தவர் வெளியே போனதும் மூத்தவர் ‘நல்ல பையன்’ என்றால் கதை முடிந்தது. மற்றவர்கள் எழுதி வைத்த மதிப்பெண்கூட மாறிவிடும். முதலில் எல்லோரும் தனித்தனியாக எழுதி மடித்து வைக்க வேண்டும், அப்புறம்தான் பேச்சு. எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. மனம்போன போக்கில் உரையாடினால் ஆளை நன்றாகப் புரிந்துகொள்ளலாம் என்று நானும் நம்பினேன். பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து உளவியலாளர் பால் சாக்கெட் குழுவினர் 2022-ல் வெளியிட்ட கணக்கில், வகுத்துக்கொண்ட கேள்விகளோடு நடத்தும் நேர்காணலுக்கும் பிற்பாடு வேலையில் காட்டும் திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42 (முழுத் தொடர்பு என்றால் 1), வகுக்காமல் பேசும் நேர்காணலுக்கு 0.19. பாதிக்கும் குறைவு.

சம்பளம்

முதல் போன் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

பழைய முதலாளியிடம் மட்டும் விசாரிப்பது

அவர் நல்லதாகத்தான் சொல்வார். பழைய இடத்துக் கணக்காளரிடம் கேளுங்கள்: பில்லெல்லாம் நேரத்துக்கு வந்ததா, முன்பணம் தீர்த்தாரா? உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம். குடவோலையில் வாரியங்களுக்கு (ஊர் நிர்வாகக் குழுக்களுக்கு) ஆள் எடுக்கும் விதிகள் அதில் உண்டு. அவற்றில் ஏரி வாரியமும் ஒன்று. ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதவே கூடாது, அவருடைய உறவினர் பெயரையும் கூடாது. உறவினரை விட்டுவிடலாம். மற்றது இன்றைக்கும் அப்படியே பொருந்தும்.

கணக்காளருக்குப் பிறகு, அவர் வேலை செய்த ஊரில் ஒருவரிடம் பேசுங்கள். ‘அவர் மறுபடி உங்கள் ஊருக்கு வந்தால் கூட்டம் கூடுமா?’ என்று நான் கேட்பேன். பதிலுக்கு முன்னால் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். வந்தவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இப்போது இருக்கும் வேலைக்கு அதனால் ஆபத்து வரக் கூடாது.

தேர்வாகாதவர்களை அப்படியே விட்டுவிடுவது

பரமக்குடியிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். பஸ் காசைக் கையில் கொடுங்கள். மூன்று நாளுக்குள் நீங்களே போன் செய்து இல்லையென்று சொல்லுங்கள், ஏன் என்றும் ஒரு வரியாவது சொல்லுங்கள். போன மாதம் வந்த ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு அந்த இரண்டு தம்பிகளையே பேசச் சொன்னேன். ஏழு தடவை ‘நாங்கள்’ சொன்னவருக்கும் போன் போனது. ‘உங்கள் பங்கு என்னவென்று நாங்கள் கேட்கவே இல்லை, அது எங்கள் தப்பு. இப்போது கேட்கலாமா?’ என்றார் தம்பி. இருபது நிமிடம் பேசினார்கள். வருகிற வியாழக்கிழமை அவர் மறுபடி வருகிறார்.