டக்ளஸின் படத்தைத் திருப்பிப் பாருங்கள்: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கடிதங்களையும் புகைப்படங்களையும் வாசிக்கப் பழகுவோருக்கு

எழுத்தாளர் மார்க் ட்வைன், பெண் வாக்குரிமைப் போராளி சூசன் பி. அந்தோணி, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டன், ஜனாதிபதி கிராண்ட் போன்றவர்கள் கைப்பட எழுதிய கடிதங்களையும், ஸ்டுடியோவில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படங்களையும் இன்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். அமெரிக்காவின் பெரிய நூலகங்கள் அவற்றை ஸ்கேன் செய்து இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. ஆனால் முதல்முறை உள்ளே போகிறவர்கள் நாலைந்து முகங்களைப் பார்த்து வியந்துவிட்டு, கடிதத்தின் சாய்வெழுத்தைக் கண்டு மிரண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்தால் போதும்.

நான் வலியுறுத்தப்போவது ஒன்றுதான். முகத்தையும் கையெழுத்தையும் கடைசியாகப் பாருங்கள். அட்டை, அதன் பின்பக்கம், கடிதத்தின் தலைப்பு, மடிப்பு இவற்றை முதலில் பாருங்கள். உண்மை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

படி 1: ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்

என் பரிந்துரை ஃப்ரெடெரிக் டக்ளஸ். 1818இல் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி, பத்திரிகையாளராக, அடிமை ஒழிப்புப் பேச்சாளராக, பிறகு அரசு அதிகாரியாக உயர்ந்து 1895இல் மறைந்தவர். 19ஆம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட அமெரிக்கர் அவர்தான் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஏறக்குறைய 160 தனித்தனிப் படங்கள் கிடைத்திருக்கின்றன.

இது தற்செயலாக நடந்ததல்ல. வெள்ளை ஓவியர்கள் கறுப்பர்களின் முகத்தைக் கோணலாக்கியே வரைகிறார்கள் என்று 1849லேயே தன் பத்திரிகையில் எழுதியவர் அவர். கேமரா அந்த வேலையைச் செய்யாது என்று நம்பினார். 1861இல் பாஸ்டனில் புகைப்படம் பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். அவர் படங்களில் சிரிப்பு அரிது. அந்த இறுகிய முகம் அவரே தேர்ந்தெடுத்தது. தன் படம் எப்படி இருக்க வேண்டும் என்று இவ்வளவு யோசித்த மனிதரிடமிருந்து பாடத்தைத் தொடங்குவது நல்லது.

படி 2: எங்கே தேடுவது

அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் இணையதளத்தில் டக்ளஸின் ஆவணத் தொகுப்பு இருக்கிறது. ஏறக்குறைய 7,400 ஆவணங்கள். பெரும்பாலானவை 1862க்கும் 1895க்கும் இடைப்பட்டவை. அதற்கு முந்தையவை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், 1872இல் ராச்செஸ்டர் நகரில் அவர் வீடு தீப்பற்றி எரிந்தது. பத்திரிகைத் தொகுப்புகள் உட்பட நிறைய அழிந்தன.

படங்களுக்கு அதே நூலகத்தின் புகைப்படப் பிரிவு, ஸ்மித்சோனியனின் தேசிய உருவப்படக் காட்சியகம், அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் மூன்றும் போதும். தேடும்போது பெயரை மட்டும் போடாமல், பக்கத்தில் உள்ள வடிகட்டியில் "கையெழுத்துப் படி" (Manuscript) அல்லது "புகைப்படம்" (Photo) என்பதற்கான ஆங்கிலத் தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் பிற்காலப் புத்தகங்களும் சுவரொட்டிகளும் வந்து குவியும்.

தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒருவர் எழுதிய கடிதம் அவரிடம் இருக்காது, வாங்கியவரிடம்தான் இருக்கும். டக்ளஸின் தொகுப்பில் அவருக்கு வந்த கடிதங்களும், அவர் வைத்துக்கொண்ட வரைவுகளும் நகல்களும் கிடைக்கும். அவர் அனுப்பியதைப் பார்க்க வேண்டுமானால் பெற்றுக்கொண்டவரின் தொகுப்புக்குப் போக வேண்டும். "இவ்வளவு பெரிய மனிதர் ஏன் இவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறார்" என்று குழம்புகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

படி 3: படத்தின் அட்டையைப் படியுங்கள்

ஸ்கேன் பக்கத்தில் பின்பக்கப் படமும் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அதையே முதலில் திறங்கள்.

அளவைப் பாருங்கள். ஏறக்குறைய 6×10 செ.மீ. அட்டை என்றால் அது கார்ட் டி விசிட். 1860களில் கொடிகட்டிப் பறந்த வடிவம். ஏறக்குறைய 11×16.5 செ.மீ. என்றால் கேபினெட் கார்டு. 1860களின் பிற்பகுதியில் வந்து, 1870களிலிருந்து 1890கள் வரை ஸ்டுடியோக்களை ஆண்டது. அட்டையின் மூலை கூராக இருந்தால் பெரும்பாலும் 1860கள், வளைவாக வெட்டப்பட்டிருந்தால் அதற்குப் பிந்தையது.

பின்பக்கத்தில் தபால்தலை போல ஒன்று ஒட்டியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். உள்நாட்டுப் போருக்குப் பணம் திரட்ட 1864 செப்டம்பரிலிருந்து 1866 ஆகஸ்ட் தொடக்கம் வரை புகைப்படங்களுக்கும் வரி விதித்தார்கள். வரி கட்டியதற்கு அடையாளம் அந்தத் தலை. 25 சென்ட் வரை விலையுள்ள படத்துக்கு 2 சென்ட் தலை, 50 சென்ட் வரை 3 சென்ட், ஒரு டாலர் வரை 5 சென்ட். ஆக, அந்தச் சின்னக் காகிதம் படம் விற்கப்பட்ட இரண்டு வருட எல்லையையும் அதன் விலை வரம்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

அடுத்து ஸ்டுடியோவின் பெயரும் முகவரியும். நியூயார்க்கின் நெப்போலியன் சரோனி, பாஸ்டனின் ஜார்ஜ் கே. வாரன், வாஷிங்டனின் மேத்யூ பிரேடி ஆகியோர் அட்டையில் பெயரை அச்சடித்தார்கள். ஸ்டுடியோ இடம் மாறினால் அட்டையும் மாறும். அந்த ஊர் முகவரிப் புத்தகங்களோடு ஒப்பிட்டு ஆண்டை நெருங்கலாம்.

எச்சரிக்கை ஒன்று: அட்டையின் வயதும் படத்தின் வயதும் ஒன்றல்ல. புகழ்பெற்றவர்களின் பழைய படங்களை ஸ்டுடியோக்கள் பல வருடம் மறுபடி மறுபடி அச்சிட்டு விற்றன. அட்டை சொல்வது "இந்தப் பிரதி எப்போது உருவானது" என்பதை. ஆள் எப்போது உட்கார்ந்தார் என்பதற்கு இப்போது முகத்துக்கு வாருங்கள். 1879 வாக்கில் வாரன் எடுத்ததாகத் தேசிய ஆவணக் காப்பகம் குறிப்பிடும் டக்ளஸ் படத்தில் முடியும் தாடியும் வெளுத்திருக்கின்றன. 1860களின் படங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இருபது வருடப் போராட்டம் கண்முன் நிற்கும்.

தகரத்தில் எடுத்த டின்டைப் படமாக இருந்தால் இடம் வலமாகத் திரும்பியிருக்கும். ஆண்களின் கோட்டுப் பொத்தான் வழக்கத்துக்கு மாறான பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: கடிதத்தின் தலைப்பிலிருந்து தொடங்குங்கள்

மேலே அச்சிட்ட முகவரி இருக்கிறதா? டக்ளஸ் விஷயத்தில் இது பெரிய உதவி. 1872 வரை ராச்செஸ்டர் வீடு. பிறகு வாஷிங்டன். 1877இல் ஜனாதிபதி ஹேய்ஸ் அவரை வாஷிங்டன் மாவட்டத்தின் மார்ஷலாக (நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் அதிகாரி) நியமித்தார். 1881இல் கார்ஃபீல்டு பத்திரப் பதிவு அதிகாரியாக்கினார். 1878 முதல் வாஷிங்டனின் அனகோஸ்டியா பகுதியில் செடார் ஹில் வீடு. 1889 முதல் 1891 வரை ஹெய்ட்டியில் அமெரிக்கத் தூதர். தேதி கிழிந்துபோன கடிதம் கைக்கு வந்தாலும், மார்ஷல் அலுவலகத் தாள் என்றால் 1877க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்தவருக்கு இதுபோல ஒரு பட்டியலை நோட்டில் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

தேதி எண்ணில் இருந்தால் மாதம்தான் முதலில். 11/5/72 என்பது நவம்பர் 5. கடிதத்தின் நடுவே வரும் "இன்ஸ்ட்" (inst.) இந்த மாதத்தையும், "அல்ட்" (ult.) போன மாதத்தையும், "ப்ராக்ஸ்" (prox.) வரும் மாதத்தையும் குறிக்கும். நவம்பர் கடிதத்தில் "28 அல்ட்" என்றால் அக்டோபர் 28.

பக்க வரிசை அடுத்த சிக்கல். அந்தக் காலத்தில் ஒரு பெரிய தாளை நடுவே மடித்து நான்கு பக்கமாக எழுதினார்கள். விரித்து ஸ்கேன் செய்தால் இடப்பக்கம் நான்காம் பக்கமும் வலப்பக்கம் முதல் பக்கமும் தெரியும். சிலர் ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு என்றும் எழுதுவார்கள். இடம் போதாவிட்டால் ஓரத்தில் தொடர்வார்கள், அல்லது தாளைத் திருப்பி எழுதிய வரிகளின் குறுக்கே எழுதுவார்கள். ஒரு தாளை மடித்து எண் போட்டுப் பாருங்கள், உடனே பிடிபடும்.

கையெழுத்து புரியவில்லை என்றால் முதல் வரியோடு மல்லுக்கட்ட வேண்டாம். தெரிந்த சொற்களை முதலில் பிடியுங்கள்: ஊர்ப் பெயர், மாதப் பெயர், கையொப்பம். அவற்றிலுள்ள எழுத்துகளை மாதிரியாக வைத்து மற்றவற்றைத் தேடுங்கள்.

பழகுவதற்கு ஓர் அருமையான கடிதம் உண்டு. 1872 நவம்பர் 5, ராச்செஸ்டர். பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத நாளில் காலை 7 மணிக்குப் போய் வாக்களித்துவிட்டு வந்த சூசன் பி. அந்தோணி, அதே நாளில் தோழி எலிசபெத் கேடி ஸ்டான்டனுக்கு எழுதியது. போனேன், செய்தே விட்டேன் என்று துள்ளுகிறது முதல் வரி. இரண்டு வாரத்துக்குள் கைதானார். 1873 ஜூனில் நீதிமன்றம் 100 டாலர் அபராதம் விதித்தது, அவர் கடைசிவரை கட்டவில்லை. இதையெல்லாம் மறந்துவிட்டு அந்தக் கடிதத்தைப் படியுங்கள். எழுதும் கைக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாது. வரலாற்றுப் புத்தகம் தர முடியாதது இதுதான், நான் கடிதங்களை நேசிப்பதும் இதற்காகத்தான். அது கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது.

தட்டச்சுக் கடிதம் வந்தாலும் வியக்க வேண்டாம். ரெமிங்டன் இயந்திரம் 1874இல் விற்பனைக்கு வந்தது. அந்த டிசம்பரிலேயே மார்க் ட்வைன் தன் அண்ணனுக்கு அதில் கடிதம் அடித்தார். முதல் மாதிரியில் பெரிய எழுத்து மட்டுமே உண்டு. சிறிய எழுத்தும் சேர்ந்து வந்தது 1878இல்.

படி 5: இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்

1884 ஜனவரி 24 அன்று டக்ளஸ் ஹெலன் பிட்ஸ் என்ற வெள்ளைப் பெண்ணை மணந்தார். அவர் டக்ளஸின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், ஏறக்குறைய இருபது வயது இளையவர். நாடே கொதித்தது. இருவர் குடும்பத்திலும் எதிர்ப்பு. அந்த மே 30இல் ஸ்டான்டனுக்கு எழுதிய கடிதத்தில், ஊர்க்கூச்சலுக்குப் பயந்து பின்வாங்கியிருந்தால் தன் ஆன்மாவோடு நிம்மதியாக இருந்திருக்க முடியாது என்கிறார் டக்ளஸ்.

அதே காலத்தில் எடுத்த ஒரு படத்தில் டக்ளஸோடு இரண்டு பெண்கள். உட்கார்ந்திருப்பவர் ஹெலன், நிற்பவர் அவர் தங்கை ஈவா. குறிப்பைப் படிக்காமல் பார்க்கிறவர் யார் மனைவி என்று ஊகிக்கத்தான் முடியும். படித்த பிறகோ, குடும்பமே விலகி நின்ற வருடத்தில் தங்கை வந்து கேமரா முன் நின்றிருக்கிறார் என்பது புரியும். கடிதம் சொல்லாததைப் படமும், படம் சொல்லாததைக் கடிதமும் தருகின்றன.

அமெரிக்க நாத்திகப் பேச்சாளர் இங்கர்சாலைப் பகுத்தறிவு இயக்க வெளியீடுகள் வழியே அறிந்தவர்கள் நம்மில் பலர். அவருடைய ஆவணங்களும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன. டக்ளஸ் தன் சுயசரிதையில் அவரை அன்போடு நினைவுகூர்கிறார். அடுத்த ஆளாக அவரை எடுக்கலாம்.

படி 6: சந்தேகப்படுங்கள்

உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்த கிராண்ட் குதிரைமேல் கம்பீரமாக இருக்கும் படம் ஒன்று, அவருடைய சிட்டி பாயின்ட் போர் முகாம் என்ற பெயரில் சுற்றுகிறது. அது மூன்று படங்களின் ஒட்டு. தலை, 1864இல் கோல்டு ஹார்பரில் எடுத்த கிராண்டின் படத்திலிருந்து. உடலும் குதிரையும் ஜெனரல் மெக்குக்குடையவை. பின்னணியில் இருப்பவர்கள் ஃபிஷர்ஸ் ஹில் போரில் பிடிபட்ட கைதிகள். 1902இல் பதிப்புரிமை பெற்றவர் பிரேடியின் உறவினர் லெவின் ஹேண்டி. கிராண்ட் இறந்ததோ 1885இல். நூலகத்தின் குறிப்பு இவற்றை விளக்கமாகச் சொல்கிறது, ஆனால் படத்தை மட்டும் தரவிறக்கிப் பகிர்கிறவர்கள் அதைப் படிப்பதில்லை. கழுத்து உடலோடு சேரும் கோணம், தோள்பட்டைப் பதவிச் சின்னம், நிழல் விழும் திசை மூன்றையும் பெரிதாக்கிப் பார்க்கப் பழகுங்கள்.

படி 7: சேமிப்பும் உரிமையும்

இருப்பதில் பெரிய கோப்பைத் தரவிறக்குங்கள். கோப்பின் பெயரிலேயே ஆண்டு, ஆள், நூலகம், நூலகம் அந்த ஆவணத்துக்குத் தந்த அடையாள எண் (call number) சேருங்கள். படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று உரிமைத் தடை இல்லை, இருந்தாலும் பக்கத்தின் உரிமைக் குறிப்பைப் படியுங்கள். கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கே உரியது, வாங்கியவருக்கு அல்ல. முதன்முதலாக 1978க்கும் 2002க்கும் இடையில் அச்சேறிய பழைய கடிதங்களுக்கு அமெரிக்கச் சட்டம் 2047 இறுதிவரை பாதுகாப்புத் தருகிறது. அப்படிப்பட்டதை முழுதாக எடுத்துப் போடாதீர்கள்.

படி 8: ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்

லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2018 முதல் தன் கையெழுத்துப் படிகளைப் பொதுமக்களைக் கொண்டே தட்டச்சு செய்விக்கிறது. அந்தத் திட்டத்தின் பெயர் பை த பீப்பிள் (By the People). எழுத கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, மற்றவர் எழுதியதைச் சரிபார்க்கத்தான் கணக்கு தேவை. சுருக்கமான, தெளிவான கையெழுத்துள்ள ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். மூலத்தில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். வரி எங்கே முடிகிறதோ அங்கேயே முடியுங்கள். படிக்க முடியாத சொல் வந்தால் ஊகித்து நிரப்ப வேண்டாம், சதுர அடைப்புக்குள் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். அதைச் சரிபார்க்க இன்னொரு தன்னார்வலர் வருவார்.