வேலைவாய்ப்பில் பதியும் முன் ஒரு சதவீதக் கணக்கு

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு காதும் மந்தம். பிளஸ் டூ முடித்த கையோடு பள்ளியிலேயே வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் போட்டுக் கொடுத்தார்கள். அதில் மாற்றுத்திறனாளி என்று குறிக்கவில்லை. குறிக்கச் சொல்லி நீட்ட என்னிடம் சான்றும் இல்லை. அதனால் ஆறு வருடம் பொது வரிசையிலேயே நின்றேன். வரிசை மாறத் தேவைப்பட்டது ஒரு அட்டைதான்.

அந்த அட்டைக்குப் பின்னால் இருப்பது சதவீதக் கணக்கு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆனால் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு கேட்க, பாதிப்பு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். அந்த நாலில் ஒன்று காது கேளாதவர்களுக்கு. காதுக்குச் சதவீதம் போடும்போது, இரண்டில் நன்றாகக் கேட்கும் காதின் பாதிப்பை ஐந்தால் பெருக்கி, மோசமான காதின் பாதிப்பைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். ஒரு காது 90, மற்றது 40 என்றால் 48 வரும். அதே 90, மற்றது 20 என்றால் 32 கூட வராது. ஒரு காது அடியோடு போய், மற்றது நன்றாக இருப்பவருக்கு ஏறக்குறைய 17தான். அவர் படும் பாட்டை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை, ஆனால் கணக்கு அதுதான்.

முதலில் மத்திய அரசின் சுவாவலம்பன் இணையதளத்தில் யூடிஐடி அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டைக்கு, விண்ணப்பியுங்கள். ஆதாரில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் ஒன்றா என்று அதற்கு முன்பே பாருங்கள். எனக்கு ஒன்றில் அப்பா பெயர் முழுசாக இருந்தது, மற்றதில் வெறும் இனிஷியல். அதைச் சரிசெய்யவே இரண்டு மாதம் போனது. பரிசோதனை முகாம் எந்தக் கிழமை என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிசோதனை அன்று கூடவே ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள். காது கேட்காதவர்கள் உட்கார்ந்திருக்கும் வராந்தாவில் பெயரை வாயால்தான் கூப்பிடுகிறார்கள்! அப்பா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து என் முறை வந்து போய்விட்டது. பக்கத்தில் இருந்த அக்கா தோளைத் தட்டி, "ஏம்மா, உன்னையத்தான் நாலு தடவை கூப்பிட்டாங்க" என்றார். மறுபடி வரிசையின் கடைசிக்கு.

உள்ளே காது கேட்கும் கருவியைக் கழற்றச் சொல்லி, சத்தம் புகாத சின்ன அறையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டன் தருவார்கள். 'பீப்' கேட்டால் அழுத்த வேண்டும். கேட்ட மாதிரி இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும். ஊகத்தில் அழுத்தாதீர்கள். வீட்டில் பழக்கதோஷத்தில் தலையாட்டி வைப்போமே, அந்தப் புத்தி இங்கே ஆகாது. அதற்காகக் கேட்டதைக் கேட்கவில்லை என்று காட்டவும் வேண்டாம். சந்தேகம் வந்தால் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டிப் படுக்க வைத்து பெரா சோதனை எடுப்பார்கள். அதில் பட்டன் கிடையாது, நரம்பே பதில் சொல்லிவிடும்.

அட்டை வந்ததும் பட்டையின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் 40 முதல் 80க்குள், நீலம் 80உம் அதற்கு மேலும். வெள்ளை என்றால் 40க்குக் கீழே. அட்டை இருக்கும், ஒதுக்கீடு இருக்காது.

அப்புறம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நேரில் போய், ஏற்கெனவே உள்ள பதிவிலேயே மாற்றுத்திறனாளி என்று சேர்க்கச் சொல்லுங்கள். புதிதாக இன்னொரு பதிவு போட்டுப் பழைய பதிவு மூப்பை இழக்காதீர்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். பதிந்தும் வேலை கிடைக்காமல் ஒரு வருடம் ஆகியிருந்தால் உதவித்தொகை விண்ணப்பத்தையும் அங்கேயே கேளுங்கள். பொதுப்பிரிவினருக்கு இந்தக் காத்திருப்பு ஐந்து வருடம்.

கிண்டியில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய தொழில்வழிச் சேவை மையம் (நேஷனல் கேரியர் சர்வீஸ் சென்டர்) ஒன்று இருக்கிறது. அங்கே உங்களுக்கு என்ன வேலை ஒத்துவரும் என்று பேசிப் பார்த்து, செய்ய வைத்தும் பார்ப்பார்கள். பயிற்சிக்கும் வழி சொல்வார்கள். திண்டுக்கல்லில் வைகை ஏறி, தாம்பரத்தில் இறங்கி, லோக்கல் ரயிலில் போனேன். டேட்டா என்ட்ரி எனக்கு ஒத்துவரும் என்று எழுதித் தந்தார்கள். இப்போது ஒரு நூல் மில் ஆபீஸில் அந்த வேலைதான். கிண்டிக்குப் போகும்போது கருவிக்கு ஒரு செட் பேட்டரி கூடுதலாக எடுத்துப் போங்கள். என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்த நேரம் பார்த்துத்தான் எனக்குப் பேட்டரி தீர்ந்தது.