கொக்கிப்புழுவுக்குப் புரதத் தடுப்பூசி: எங்கே தொடங்குவது?

தடுப்பூசியில் புழுவின் எந்தப் புரதத்தைச் சேர்ப்பது என்று முதலிலேயே தேடி ஓடாதீர்கள், புழு போகும் பாதையை ஒரு தாளில் வரையுங்கள். நெகேட்டர் அமெரிக்கானஸ் என்னும் கொக்கிப்புழு, ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், ரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு, கடைசியில் சிறுகுடல் சுவரைக் கவ்விக்கொண்டு வருடக்கணக்கில் ரத்தம் குடிக்கிறது. இதில் எங்கே மறிப்பது?

வாசலிலேயே மறிக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படித்தான், தோலுக்குள் நுழையும்போது இளம்புழு சுரக்கும் என்ஏ-ஏஎஸ்பி-2 புரதத்தை எடுத்தார்கள். இந்தப் புழுவுக்கு ஆளாகாத அமெரிக்கர்களுக்குப் போட்டபோது பெரிய பிரச்சினை எதுவும் இல்லை. பிரேசிலில், முன்பே தொற்று கண்டவர்களுக்குப் போட்டதும் சிலருக்கு உடம்பெல்லாம் காணாக்கடி மாதிரி தடித்துவிட்டது, சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தப் புரதத்துக்கு எதிரான ஐஜிஇ, அதாவது ஒவ்வாமையைக் கிளப்பும் ஆன்டிபாடி, அவர்கள் ரத்தத்தில் ஏற்கெனவே இருந்ததுதான் காரணம். அதனால் புழு பரவியிருக்கும் ஊர் மக்களின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, குழந்தைகளுடையது உட்பட, உங்கள் புரதத்தோடு முதலிலேயே சோதித்துப் பாருங்கள். ஐஜிஇ தென்பட்டால், எவ்வளவு ஆசையாக வளர்த்த புரதமானாலும் விட்டுவிடுங்கள்.

சரி, அடுத்த இடம் புழுவின் குடல். குடித்த ரத்தத்தைச் செரிக்க அதற்கு என்ஏ-ஏபிஆர்-1 நொதி வேண்டும், அந்த ரத்தத்திலிருந்து வரும் ஹீம் என்னும் இரும்புள்ள பொருளின் நச்சைச் சமாளிக்க என்ஏ-ஜிஎஸ்டி-1 வேண்டும். தடுப்பூசி போட்டவரின் ரத்தத்தைக் குடிக்கும்போது இந்தப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடியையும் புழு சேர்த்தே குடிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

தயாரிப்பில், ஜிஎஸ்டி-1 பிக்கியா ஈஸ்ட்டில் நன்றாகவே வரும். ஏபிஆர்-1 அப்படி இல்லை, அதைப் புகையிலை இனச் செடியின் இலையில் உண்டாக்கினார்கள், அதுவும் நொதியின் வெட்டும் திறனை மரபணுவிலேயே முடக்கிவிட்டு. நோயெதிர்ப்பைத் தூண்ட அலும் என்னும் அலுமினிய உப்பைச் சேர்ப்பது வழக்கம்.

விலங்குச் சோதனையில் ஆன்டிபாடி ஏறியதும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். நாய்க் கொக்கிப்புழுவின் ஏபிஆர்-1-ஐ நாய்களுக்குப் போட்டுப் பார்த்த ஆய்வு 2005-ல் வந்தது. அதில் புழுக்களும் குறைந்தன, ரத்தசோகையும் குறைந்தது. நீங்களும் புழுக்களை எண்ணுங்கள், மலத்தில் முட்டைகளை எண்ணுங்கள், ஹீமோகுளோபினைப் பாருங்கள். மனிதர்களுக்குப் போகும்போது, புழு காணாதவர்களிடம் பாதுகாப்பாக இருந்தது என்பதை வைத்து மட்டும் புழு உள்ள ஊருக்குள் இறங்காதீர்கள், குறைந்த அளவில் சிலருக்கு மட்டும் போட்டு, ஊசிக்குப் பிறகு பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள்.