எழுத்துருவை எங்கே வைப்பது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்துருக் கோப்பைத் தரவிறக்கி, அதன் மேல் இரண்டு முறை சொடுக்கி, ‘இன்ஸ்டால்’ பொத்தானை அழுத்தியதோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். அது எந்த ஃபோல்டரில் போய் உட்கார்ந்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. பிறகுதான் தொல்லை. ஒரு மென்பொருளில் தெரிகிற எழுத்துரு இன்னொன்றில் தெரியாது. என் லாகினில் வருவது அடுத்தவர் லாகினில் வராது. பெரும்பாலும் வைத்த இடம்தான் இதற்குக் காரணம்.

இயங்குதளத்தோடு வரும் எழுத்துருக்கள், கணினியைத் தொடும் எல்லோருக்கும் பொதுவானவை, ஒரே ஒரு பயனருக்கு மட்டுமானவை என்று மூன்று வகை உண்டு. மேக்கிலும் லினக்ஸிலும் மூன்றுக்கும் தனித்தனி ஃபோல்டர் இருக்கிறது. விண்டோஸில் முதல் இரண்டும் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் என்ற ஒரே இடத்தில் கலந்து கிடக்கின்றன. எதையும் நிறுவுவதற்கு முன், ‘இதை யாரெல்லாம் பார்க்க வேண்டும்?’ என்று கேட்டுக்கொண்டால் இடம் தானாகவே தெரிந்துவிடும்.

கேட்காமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. விண்டோஸ் 10-இல் 2018-க்குப் பிறகு, வெறுமனே ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் எழுத்துரு உங்கள் அக்கவுண்டுக்கு மட்டும்தான் நிறுவப்படும். கோப்பு உங்கள் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ் என்று நான்கு படி உள்ளே போய்விடும். எல்லோருக்கும் வேண்டுமென்றால், வலது சொடுக்கில் ‘எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு அட்மின் அனுமதி தேவை. இரவில் தானாக ஓடி அறிக்கையைப் பிடிஎஃப் ஆக்கும் நிரல் ஒன்றில் நான் இதனால் அரை நாளைத் தொலைத்தேன். கையால் ஓட்டினால் எழுத்துரு சரியாக வந்தது. தானாக ஓடியபோது வேறு ஏதோ வந்தது. எழுத்துரு இருந்தது என் அக்கவுண்டில், நிரல் ஓடியதோ வேறோர் அக்கவுண்டில். எல்லோருக்குமாக மறுபடி நிறுவியதும் சரியாகிவிட்டது. பழைய மென்பொருள்கள் சிலவும் பொது ஃபோல்டரை மட்டுமே பார்க்கும். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பொதுவில் போடவும் வேண்டாம். ஒரு வேலைக்காக மட்டும் தரவிறக்கிய அலங்கார எழுத்து எல்லோருடைய பட்டியலையும் நிரப்ப வேண்டியதில்லை.

அடுத்தது, ஒரே எழுத்துருவை இரண்டு இடத்தில் வைப்பது. இயங்குதளம் எழுத்துருவை அடையாளம் காண்பது கோப்பின் உள்ளே பதிந்திருக்கும் குடும்பப் பெயரை வைத்து. வெளியே கோப்பின் பெயரை எப்படி மாற்றினாலும் உள்ளே இருப்பது மாறாது. பொது ஃபோல்டரில் பழைய பதிப்பும் உங்கள் ஃபோல்டரில் புதிய பதிப்பும் ஒரே குடும்பப் பெயரோடு இருந்தால், எது எடுக்கப்படும் என்பது உங்கள் கையில் இல்லை. இரண்டிலும் வரி உயரம் சிறிதளவு வேறுபட்டாலே போதும், பத்துப் பக்க ஆவணத்தின் கடைசி இரண்டு வரி பதினொன்றாம் பக்கத்துக்குத் தாவிவிடும். ஆவணத்தில் எதையும் மாற்றாமல் அது மாறிப்போகும்போது காரணம் லேசில் பிடிபடாது. புதிய பதிப்பை நிறுவும் முன் பழையதை நீக்கிவிடுங்கள். மேக்கோடு வரும் எழுத்துரு மேலாண்மை மென்பொருளான ஃபாண்ட் புக் இரட்டைப் பிரதிகளை எச்சரிக்கைக் குறியோடு காட்டிக்கொடுக்கும். அதைக் கண்டும் காணாமல் விடாதீர்கள்.

ஜிப்பை அவிழ்த்ததும் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நிறுவுவதும் இதே வகைத் தவறுதான். பல எழுத்துருக்கள் இப்போது எல்லாத் தடிமனும் ஒன்றுக்குள் அடங்கிய ‘வேரியபிள்’ கோப்பாகவும், ‘ஸ்டாட்டிக்’ என்ற ஃபோல்டருக்குள் தனித்தனித் தடிமன் கோப்புகளாகவும் சேர்ந்தே வருகின்றன. இரண்டில் ஒன்று போதும். இரண்டையும் போட்டால், ஒரே பெயரில் எந்தத் தடிமன் எங்கிருந்து வருகிறது என்று குழப்பம் வரும்.

விண்டோஸில் எழுத்துருவைக் குறுக்குவழியாக நிறுவவும் ஒரு அமைப்பு உண்டு. சி டிரைவில் இடம் மிச்சம் என்று சிலர் இதைச் செய்கிறார்கள். மூலக் கோப்பு பென் டிரைவில் இருந்தால், அதைக் கழற்றியதும் எழுத்துருவும் போய்விடும்.

லினக்ஸில் யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் இருக்கும் ஷேர், ஃபாண்ட்ஸ் என்ற இடம், மென்பொருள்களை நிறுவித் தரும் பேக்கேஜ் மேனேஜருக்கு உரியது. கையால் கொண்டுவரும் எழுத்துருக்களை, எல்லோருக்கும் என்றால் யூஎஸ்ஆர், லோக்கல், ஷேர், ஃபாண்ட்ஸ் என்ற இடத்திலும், உங்களுக்கு மட்டும் என்றால் ஹோமில் புள்ளியோடு தொடங்கும் லோக்கல் ஃபோல்டருக்குள் ஷேர், ஃபாண்ட்ஸ் என்ற இடத்திலும் வையுங்கள். உள்ளே துணை ஃபோல்டர்கள் போட்டுப் பிரித்தாலும் தேடிக்கொள்ளும். பொது இடத்தில் நகலெடுக்கும்போது கோப்பின் அனுமதியைப் பாருங்கள்: அனுமதி எண் 600 என்று இருந்தால் ரூட் என்ற அட்மின் அக்கவுண்டுக்கு மட்டும்தான் படிக்க முடியும், எல்லோரும் படிக்க 644 ஆக்க வேண்டும். பட்டியலில் புதிய எழுத்துரு வரவில்லை என்றால் எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் (fc-cache) கட்டளையை ஓட்டிவிட்டு, மென்பொருளை மூடித் திறங்கள்.

சுத்தம் செய்கிறேன் என்று இறங்குவதற்கு முன் கொஞ்சம் நிதானம் வேண்டும். விண்டோஸ் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் தெரியாத பெயரெல்லாம் தேவையற்றவை என்று நீக்கினால், இயங்குதளத்தின் மெனுக்களும் சில இணையப் பக்கங்களும் அலங்கோலமாகலாம். நீங்களாக நிறுவியதை மட்டும் நீக்குங்கள். தமிழில் இன்னொரு கவனமும் தேவை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அதை நீக்கிவிட்டுப் பழைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத்தான் தெரியும். யூனிகோடில் எழுதியது அப்படி ஆகாது. எழுத்துரு இல்லையென்றால், விண்டோஸோடு வரும் நிர்மலா போன்ற வேறொன்று ஓசையில்லாமல் அந்த இடத்துக்கு வந்துவிடும். படிக்க முடிவதால் எழுத்துரு மாறியதே கண்ணில் படாமல் போகும். பழைய கோப்புகள் இருக்கும்வரை அந்த எழுத்துருக்களை விட்டுவையுங்கள்.

கடைசியாக, இயங்குதளத்தின் ஃபோல்டரையே சேமிப்புக் கிடங்காக நினைப்பது. இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டால் அதில் நீங்கள் சேர்த்தவை போய்விடும். தரவிறக்கிய ஜிப்பை, உரிமக் கோப்போடு, ஆவணங்கள் இருக்கும் டிரைவில் குடும்பப் பெயர்வாரியாக ஒரு ஃபோல்டரில் வைத்து, அதைப் பேக்கப்பில் சேருங்கள். எந்த எழுத்துருவை எல்லோருக்குமாக நிறுவினீர்கள், எதை உங்களுக்கு மட்டும் நிறுவினீர்கள் என்று அங்கேயே ஒரு சிறு டெக்ஸ்ட் கோப்பில் குறித்து வைத்தால், அடுத்த முறை அதைப் பார்த்தே எல்லாவற்றையும் நிறுவிவிடலாம்.