மைக் முன்னால் ஒரு பெண்: ஆண்களின் கால்பந்தைப் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

2007 ஏப்ரல் 21 அன்று லண்டனில் ஃபுல்ஹாமும் பிளாக்பர்ன் ரோவர்ஸும் ஆடிய ஆட்டம் 1-1 என்று முடிந்தது. ஆட்டம் என்று பார்த்தால், இன்றைக்கு யாரும் அதை நினைவில் வைத்திருக்கக் காரணமே இல்லை. ஆனால் பந்து உருளும் முன்பே இங்கிலாந்துப் பத்திரிகைகளில் பெரிய ரகளை. அன்றிரவு பிபிசியின் 'மேட்ச் ஆஃப் த டே' நிகழ்ச்சியில் அந்த ஆட்டத்துக்கு வர்ணனை தரப்போனவர் ஜாக்கி ஓட்லி. 1964-ல் தொடங்கிய நிகழ்ச்சியில் ஒரு பெண் வர்ணனை செய்தது அதுதான் முதல் தடவை. நேரலைகூட இல்லை, இரவில் போடும் சுருக்கத் தொகுப்புதான். அதற்கே அந்தப் பாடு.

இன்றைக்குப் பெரிய போட்டி எதைப் போட்டாலும் மைக் முன்னால் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் செய்கிற தவறுகள் அப்படியேதான் இருக்கின்றன. இதில் பாதியை நானும் செய்திருக்கிறேன் என்பதால், கொஞ்சம் உரிமையோடே எழுதுகிறேன்.

எந்த நாற்காலி யாருடையது?

முதல் குழப்பம் வேலையைப் பற்றியது. ஒளிபரப்பில் குறைந்தது நான்கு பேருடைய வேலை இருக்கிறது. தொகுப்பாளர் நிகழ்ச்சியை நடத்துகிறார், கேள்வி கேட்கிறார். வர்ணனையாளர் ஆட்டம் ஓட ஓட யாரிடம் பந்து, என்ன நடந்தது என்று சொல்கிறார். அவர் பக்கத்தில் இருக்கும் துணை வர்ணனையாளர் பெரும்பாலும் முன்னாள் வீரர். 'ஏன் அப்படி நடந்தது' என்பது அவர் பங்கு. ஸ்டுடியோவில் உட்கார்ந்து இடைவேளையில் அலசுபவர் நிபுணர்.

'இந்தம்மா என்ன ஆடிக் கிழித்தார்?' என்று வர்ணனையாளரைக் கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வர்ணனையாளராக இருக்க ஆடியிருக்க வேண்டும் என்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இங்கிலாந்தில் பல தலைமுறைகளுக்குக் கால்பந்தின் குரலாக இருந்த ஜான் மாட்சன் உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தியாளராகத் தொடங்கியவர். தொழில்முறை வீரர் கிடையாது. யாரும் அவரிடம் பூட்ஸைக் காட்டச் சொல்லவில்லை. அந்த வேலைக்கு வேண்டியது வேறு: 22 பேரையும் நடையை வைத்தே, சட்டை எண் தெரியாத கோணத்திலும் அடையாளம் காணும் கண், பெயர்களைச் சரியாக உச்சரிக்கும் நாக்கு, எப்போது வாயை மூட வேண்டும் என்ற அறிவு. பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்துக்கொண்டு போய், அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சொல்லாமல் திரும்புவதுதான் நல்ல வர்ணனையாளரின் லட்சணம்.

'ஆண்கள் ஆட்டத்தை ஆடியிருக்கிறாயா?'

சரி, நிபுணர் நாற்காலிக்கு வருவோம். அலெக்ஸ் ஸ்காட் இங்கிலாந்துக்காக 140 ஆட்டங்கள் ஆடியவர். கேரன் கார்னி 144. எனியோலா அலுக்கோ 102. இவர்களிடம் 'ஆடியிருக்கிறாயா' என்று கேட்க முடியாது என்பதால் கேள்வி கொஞ்சம் நகர்ந்தது: ஆண்களோடு ஆடியிருக்கிறாயா? வேகம் வேறு, உடல் பலம் வேறு ஆயிற்றே?

வேகம் வேறுதான். ஆனால் நிபுணரிடம் நாம் கேட்பது ஓட்டப்பந்தயம் இல்லையே. வலது ஃபுல்பேக் (பின்வரிசையில் வலது ஓரத்தைக் காப்பவர்) ஏன் ஏறிப்போனார், அவர் விட்ட இடத்தை யார் மூடியிருக்க வேண்டும், எதிரணி அதை எத்தனையாவது நிமிடத்தில் கண்டுபிடித்தது என்பதுதானே கேள்வி. மைதானத்தின் அளவும் ஆட்டச் சட்டமும் இரு பக்கமும் ஒன்றுதான். ஏசி மிலானுக்கு 1989-லும் 1990-லும் ஐரோப்பியக் கோப்பையை வாங்கித்தந்த அரிகோ சாக்கி தொழில்முறையில் ஆடியவரே இல்லை. குதிரையோட்டியாக இருக்க முதலில் குதிரையாக இருந்திருக்க வேண்டுமா என்று அவர் கேட்டது இன்றும் பேசப்படுகிறது. பெண்கள் உலகக் கோப்பையை முன்னாள் ஆண் வீரர்கள் அலசும்போது 'நீ பெண்கள் ஆட்டம் ஆடியிருக்கிறாயா' என்று யாராவது கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தக் கேள்வியில் இன்னொரு அநியாயமும் ஒளிந்திருக்கிறது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் பெண்கள் ஆட்டம் ஒன்றைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன் கீழ் உள்ள மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. ஏறக்குறைய 50 ஆண்டுகள் அந்தத் தடை நின்றது. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை தடை. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை. கதவைப் பூட்டி வைத்துவிட்டு, 'உள்ளே வந்த அனுபவம் உண்டா' என்று கேட்பது என்ன நியாயம்?

குரல்

2018 ஜூன் 20, உலகக் கோப்பையில் போர்ச்சுகலும் மொராக்கோவும் மோதின. நாலாவது நிமிடமே ரொனால்டோ தலையால் முட்டி கோல் போட்டார். அதோடு சரி, 1-0. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றுக்குப் பெண் ஒருவர் நேரலை வர்ணனை செய்தது அன்றுதான் முதல் முறை. அவர் விக்கி ஸ்பார்க்ஸ். அடுத்து வந்த பேச்சு முழுக்க அவர் குரலைப் பற்றியது. தொண்ணூறு நிமிடம் உச்சத்தொனியில் கேட்க முடியாது என்று முன்னாள் வீரர் ஒருவர் தொலைக்காட்சியில் சொல்லி, பிறகு மன்னிப்பும் கேட்டார்.

பெண் குரலின் அடிப்படைச் சுருதி சராசரியாக 200 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், ஆணுடையது 120 பக்கம். ஆகவே வித்தியாசம் காதில் படத்தான் செய்யும், அதை மறுக்க வேண்டியதில்லை. தவறு எங்கே என்றால், பழக்கமில்லாததை மோசம் என்று எடுத்துக்கொள்வதில். கோல் விழும் நேரத்தில் ஆண் வர்ணனையாளர்கள் போடும் கூச்சலை நினைத்துப் பாருங்கள். சுருதி எங்கேயோ போய்விடும், சில சமயம் குரலே உடைந்துவிடும். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'உணர்ச்சி'.

எனக்கும் முதலில் உறுத்தத்தான் செய்தது. பிறகு ஒரு ஆட்டத்தில், வேறு வேலை பார்த்துக்கொண்டே, திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டேன். பந்து எந்தப் பக்கம் இருக்கிறது, ஆட்டம் சூடு பிடிக்கிறதா என்று பார்க்காமலே புரிகிறதா? புரிந்தது. அப்புறம் குரலைப் பற்றி யோசிக்கவே இல்லை. இதை ஆண் வர்ணனையாளர்களிடமும் செய்து பாருங்கள், சில பெரிய பெயர்கள் தேறாது.

மண்சட்டியும் பொன்சட்டியும்

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்களே, அதே கணக்கு. ஆண் நிபுணர் ஒருவர் வீரரின் பெயரை மாற்றிச் சொன்னால் 'இவருக்கு இதே வேலை' என்று சிரித்துவிட்டுப் போகிறோம். பெண் சொன்னால் அந்தத் தவறு அவர் ஒருவருடையது என்று நிற்பதில்லை, அடுத்து வரப்போகும் எல்லாப் பெண்களின் கணக்கிலும் ஏறுகிறது.

2011 ஜனவரி 22 அன்று வுல்வ்ஸ்–லிவர்பூல் ஆட்டத்தில் லைன்ஸ்மேன் (கோட்டோரமாகக் கொடியோடு நிற்கும் துணை நடுவர்) இடத்தில் இருந்தவர் சியான் மாஸி. ஆட்டம் தொடங்கும் முன், மைக் அணைந்திருக்கிறது என்ற நினைப்பில், ஸ்கை தொலைக்காட்சியின் தொகுப்பாளர் ரிச்சர்ட் கீஸும் துணை வர்ணனையாளர் ஆண்டி கிரேயும், பெண்ணுக்கு ஆஃப்சைடு விதி (சக வீரர் பந்தைத் தட்டிவிடும் நொடியில் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி நிற்கக்கூடாது என்பது) எங்கே தெரியப்போகிறது என்ற தொனியில் பேசிச் சிரித்தார்கள். ஆட்டத்தில் ஃபெர்னாண்டோ டோரஸ் போட்ட கோலுக்கு முன், பந்தோடு ஓடிய ரவுல் மெய்ரெலெஸ் ஆஃப்சைடு போலவே தெரிந்தார். மாஸி கொடியைத் தூக்கவில்லை. மறுஒளிபரப்பில் பார்த்தால், மயிரிழை வித்தியாசத்தில் அவர் முடிவுதான் சரி. சில நாட்களில் கிரேயின் வேலை போனது, கீஸ் விலகினார். சட்டம் தெரியாது என்று சிரிக்கப்பட்டவர்தான் அன்று சட்டத்தைச் சரியாகக் கண்டார்.

வெட்டிய துண்டை வைத்துத் தீர்ப்பு

2020 டிசம்பர் 29. லீட்ஸ் யுனைடெட் வெஸ்ட் பிராம் மைதானத்தில் 5-0 என்று வென்றது. நிபுணராக இருந்த கேரன் கார்னி, அதற்கு முந்தைய பருவத்தில் லீட்ஸ் முதல் பிரிவுக்கு ஏறியதில் கோவிட் இடைவேளைக்கும் பங்கு உண்டு என்கிற மாதிரி ஒரு கருத்தைச் சொன்னார். லீட்ஸின் அப்போதைய பயிற்சியாளர் பியெல்சாவின் அணிகள் ஓடி ஓடிப் பருவக் கடைசியில் களைத்துவிடும், அந்த ஓய்வு அவர்களைக் காப்பாற்றியது என்பது வாதம். லீட்ஸ் கிளப்பின் அதிகாரபூர்வக் கணக்கே அந்தத் துண்டை வெட்டி, நக்கலாகப் போட்டது. லட்சக்கணக்கான ரசிகர்கள் பின்தொடரும் கணக்கு அது. பிறகு வந்து குவிந்த வசைகளில் கருத்தைப் பற்றியவை குறைவு. கார்னி தன் ட்விட்டர் கணக்கையே மூடிவிட்டார்.

கார்னி சொன்னது சரியா? என்னைக் கேட்டால், விவாதத்துக்குரியது. பியெல்சாவின் முந்தைய பருவத்தில் லீட்ஸ் கடைசியில் சறுக்கி மூன்றாவதாக முடித்தது உண்மை, ஆகவே வாதம் வானத்திலிருந்து குதித்ததில்லை. ஆனால் 2020 மார்ச்சில் ஆட்டங்கள் நின்றபோது லீட்ஸ் பட்டியலில் முதலிடம், அதுவும் தொடர்ந்து ஐந்து வெற்றிகளோடு. களைத்த அணி செய்கிற வேலையா அது? முடிவில் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தை வென்றார்கள். இப்படிக் கேட்டால் அது மறுப்பு. அவர் பதில் சொல்லலாம், நாம் திரும்பக் கேட்கலாம், ஆட்டத்தைப் பற்றி இரண்டு பேருக்கும் ஏதாவது கூடுதலாகத் தெரியவரும். 'அடுப்படிக்குப் போ' என்பதற்கு யாரும் என்ன பதில் சொல்ல?

ஆகவே கோபம் வந்தால் இரண்டு நிமிடம் பொறுத்து முழுத் துண்டையும் தேடிப் பாருங்கள். அதன் பிறகும் தவறாகத் தோன்றினால் தாராளமாகக் கிழியுங்கள், கருத்தை.

வியப்போடு கைதட்டுவது

இது நல்லவர்கள் செய்யும் தவறு. 2018 உலகக் கோப்பையில் கோஸ்டாரிகா–செர்பியா ஆட்டத்தை அலுக்கோ தெளிவாக அலசி முடித்ததும், பக்கத்தில் இருந்த முன்னாள் பிரான்ஸ் வீரர் பட்ரீஸ் எவ்ரா கைதட்டினார். கெட்ட எண்ணம் இருந்திருக்காது, பாராட்டுத்தான். ஆனால் ஒரு ஆண் நிபுணர் தன் வேலையைச் செய்து முடித்ததும் யாராவது கைதட்டுகிறார்களா? குழந்தை முதல் அடி வைத்தது போன்ற அந்த மகிழ்ச்சிக்குள் 'உனக்கு இது வராது என்றல்லவா நினைத்தேன்' என்பது உட்கார்ந்திருக்கிறது. சக நிபுணர் செய்யக்கூடிய பெரிய மரியாதை மறுத்துப் பேசுவது. 'நீ சொன்ன அந்த இடைவெளிக்குக் காரணம் மிட்ஃபீல்டர், டிஃபெண்டர் இல்லை' என்று எவ்ரா வாதாடியிருந்தால் நமக்கும் நல்ல இரண்டு நிமிடம் கிடைத்திருக்கும்.

நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு

பெண் நிபுணரைக் கூப்பிட்டுவிட்டுக் கேள்வியில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் 'பிரஸ்ஸிங் (எதிரணியை நெருக்கிப் பந்தைப் பறிப்பது) ஏன் உடைந்தது?' என்றும் அவரிடம் 'மைதானத்தில் சூழல் எப்படி?' என்றும் கேட்டால், பார்ப்பவர் மனதில் அவர் சூழல் நிபுணராகத்தான் பதிவார். இடைவேளையில் விளம்பரம் போக மிஞ்சுவது சில நிமிடங்கள்தான்; காட்சிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதுதான் யாருக்கு மதிப்பு என்பதைக் காட்டும்.

வசை வரும்போது ஆளைத் தனியே விட்டுவிட்டு நிறுவனம் ஒதுங்குவது இன்னொன்று. ஜெர்மனியின் கிளவுடியா நியூமன் 2016 யூரோ கோப்பையிலிருந்து ஆண்கள் ஆட்டங்களுக்கு வர்ணனை செய்து, அதற்காகவே வசையும் வாங்கியவர். 2018-ல் அது எல்லை மீறியபோது அவருடைய தொலைக்காட்சி நிறுவனமான இசட்டிஎஃப், இரண்டு பேர் மீது குற்றவியல் புகார் கொடுத்தது. செய்ய முடிகிற காரியம்தான்.

கடைசியாக, மைக் பிடிக்கப்போகும் பெண்களுக்கு

நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற பதற்றத்தில் புள்ளிவிவரத்தைக் கொட்டுவது எல்லாப் புதியவர்களும் செய்வதுதான், ஆனால் உங்களுக்கு அந்தப் பதற்றம் இரட்டிப்பாக இருக்கும். எடுத்துப்போன குறிப்பு மீதியாகட்டும், விடுங்கள். 'எனக்கு என்னமோ அப்படித் தோன்றுகிறது, தவறாகக்கூட இருக்கலாம்' என்று ஒவ்வொரு கருத்துக்கும் முன்ஜாமீன் வாங்காதீர்கள். 'இடது பக்கம் ஆள் இல்லை' என்று சொன்னால் போதும். கோலுக்கு முந்தைய விநாடிகளில் கீழ் சுருதியில் இருந்தால் ஏறுவதற்கு இடம் இருக்கும்.

தவறும் வரும், எல்லோருக்கும் வருவதுதான். வீரரின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டால் அடுத்த வாக்கியத்திலேயே சரியான பெயரைச் சொல்லிவிட்டு மேலே போங்கள். நீளமாக மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பக்கம் த்ரோ-இன் எறிந்து, பந்து கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குள் போயிருக்கும்.